மதுமிதாவை வாசித்தால் நித்திரை வராது

இருபது வயதுக் காதலை இவ்வளவு சூடு ஆறாமல் எழுதிய இன்னொரு தமிழ் நாவலை நான் வாசித்ததில்லை. சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' பற்றித்தான் சொல்கிறேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற நாங்கள் இன்றைக்கும் ஹொஸ்டலில் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்கிறோம். என் கைக்கு வந்தபோது அட்டை கழன்றிருந்தது. எடுத்தவள் கீழே வைக்கவில்லை. விடியப்புறம் கோயில் மணி கேட்டபோதுதான் நேரம் தெரிந்தது.

கதை நடப்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்தில். ரகுபதி பொறியியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். படிப்பு முடிந்து வேலை தொடங்காத அந்த இடைவெளி இருக்கிறதே, காதல் வந்து குந்துவதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்கிறாள் மதுமிதா. வாய் ஓயாத, சூதுவாது தெரியாத, அடுத்த நிமிடம் என்ன செய்வாள் என்று யாராலும் சொல்ல முடியாத மதுமிதா! மலை, அணை, தாமிரபரணி, நடுவில் இந்தப் பெண். ரகு எப்படித் தப்புவான்? வாசிக்கிற நாங்கள்தான் எப்படித் தப்புவது?

சுஜாதா இந்தக் காதலின் உடல் சூட்டை மறைக்கவில்லை. அதே நேரம் எந்த இடத்திலும் கொச்சைப்படுத்தவும் இல்லை. இருவரும் நெருங்கி நிற்கிறபோது ரகுவுக்குள் எழும் கலவரத்தைச் சின்னச் சின்ன வசனங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மிச்சம் முழுவதும் எங்கள் மனதுக்குள் நடக்கிறது. பக்கம் பக்கமாக வர்ணிக்கிற நாவல்களையும் நான் விரும்பி வாசிப்பவள்தான். ஆனால் இரணைமடு வான்கதவைத் திறந்துவிட்ட மாதிரி நெஞ்சுக்குள் ஒரு பாய்ச்சல் வந்தது இந்த நாவலில்தான். சுஜாதா தானும் ஒரு பொறியியலாளர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை செய்தவர். அதனால்தானோ என்னவோ, படிப்பும் வேலையும் ஆசையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிற பெடியனின் மனது அவருக்கு இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டிருக்கிறது.

பிறகு வருகிறான் அமெரிக்க மாப்பிள்ளை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். அழாமல் என்ன செய்வது? இது வன்னியின் கதையும் அல்லவா! கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கள் ஊர்க் கல்யாணங்கள் எத்தனை கடல் கடந்து நிச்சயமாகின்றன! வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ரகுபதிமார் இல்லையா? 'நல்ல இடம், விடக்கூடாது' என்று அம்மா சொல்ல, என்ன நடக்கிறதென்று விளங்க முன்னமே தலையாட்டிவிடுகிற மதுமிதாக்கள் இல்லையா? பாபநாசத்தில் நடப்பதாக எழுதிய கதையில் என் தோழிகளின் முகங்களைக் கண்டேன்.

இரண்டாம் பாகம் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே படிக்கப் போன ரகு ரத்னா என்ற பெண்ணைச் சந்திக்கிறான், மதுவையும் மறுபடி சந்திக்கிறான். முதற்பாகம் மழை என்றால் இது மழைவிட்ட பிறகு வருகிற புழுக்கம். முதற்பாகத்தோடு நிறுத்திவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்! கடல் கடந்து போன வாழ்வு உண்மையில் எப்படியிருக்கிறது என்று காட்டுவது அந்தப் பாகம்தான். முடிவைச் சொல்லமாட்டேன்.

என் அம்மா போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் கதைப் புத்தகம் வாசித்தவர். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த நாட்களிலும் காதல் கதைக்கு ஒரு சொட்டு மிச்சம் வைத்தோம் என்பார். காதல் கதை வாசிப்பதை வேலையில்லாதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். எங்கள் மண்ணே பெரிய காதல் நாவலொன்றைப் பெற்றிருக்கிறது. தண்ணிமுறிப்புக் காட்டையும் பதஞ்சலி என்ற பெண்ணையும் வைத்து அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. ஆசையையும் அதன் விலையையும் வன்னி மனிதர்களை வைத்துச் சொன்ன கதை அது. பிரிவோம் சந்திப்போமை முடித்த கையோடு அதையும் எடுங்கள்.

'ஆனந்தத் தாண்டவம்' என்று 2009இல் இந்தக் கதை படமாகவும் வந்தது, மதுமிதாவாகத் தமன்னா நடித்தார். படத்தைப் பிறகு பாருங்கள். முதலில் உங்கள் மனதில் உங்களுக்கென்று ஒரு மதுமிதா உருவாகட்டும்.

இரண்டு பாகங்களையும் சேர்த்தே வாங்குங்கள், முதற்பாகம் முடிந்த இரவு இரண்டாவது கையில் இல்லாவிட்டால் தாங்க மாட்டீர்கள். சோதனைக் காலத்தில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். நல்ல இடம் பார்க்கத் தொடங்க முன்னர் அவர்களின் மனதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.