தொடர்ச்சியும் முடிவும்: 'அவதார்' திரைப்பட வரிசை பற்றிய ஒரு நோக்கு

கதை கேட்டு முடித்த குழந்தை, "அதன் பிறகு என்ன நடந்தது?" என்று வினவுதல் இயல்பு. வளர்ந்தோரும் இவ்வினாவை விட்டாரல்லர். இதற்கு விடையாக எழுந்த ஆக்கங்களுட் பெரும்பாலானவை முதலாக்கத்தின் நிழலாய் ஒழிந்தமை இலக்கிய வரலாறு கற்றோர் அறிந்ததே. நிழலாகாது தனித்து நின்றவற்றுக்கு நம்மொழியில் மணிமேகலையினுஞ் சிறந்த சான்று இல்லை. சிலப்பதிகாரக் கதைமாந்தர் சிலர் அதிலும் வருகின்றனர். ஆயினும் கோவலன் உயிர்பெற்று மீள்வதில்லை. அவன் இறந்தான் என்னும் உண்மையே மாதவியின் துறவுக்கும் அவள் மகளின் துறவுக்கும் வித்தாகின்றது. முன்னூல் ஊழையும் அரசநீதியையும் பேச, பின்னூல் பசியையும் பிறவியையும் பேசுகின்றது. முன்னே நேர்ந்த இழப்பை இழப்பாகவே ஏற்று, அதன்மேல் வேறொரு வினாவை எழுப்புதலே தொடர்ச்சியாக்கத்தின் இலக்கணம் என்று இதனின்றும் கொள்ளலாம்.

இவ்விலக்கணத்தைத் திரைப்பட வரிசையொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதே ஈண்டு யாம் மேற்கொண்ட பணி. கனடாவிற் பிறந்த ஹொலிவூட் நெறியாளர் ஜேம்ஸ் கமெரோன் 2009 ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியிட்ட 'அவதார்' என்னும் விஞ்ஞானப் புனைகதைப் படம், பின்னைய மறுவெளியீடுகளும் உட்பட ஏறத்தாழ 290 கோடி டொலர் ஈட்டியது. அடுத்த ஆண்டே தொடர்ச்சிப் படங்கள் இரண்டு அறிவிக்கப்பட்டன. பின்னர் அவை மூன்றாகி, 2016 இல் நான்காயின. எண்ணிக்கை ஏறியதேயன்றிப் படம் வரவில்லை. முதலில் 2014 எனப்பட்ட காலம் பன்முறை தள்ளிப்போய், 2022 டிசெம்பரிலேயே இரண்டாம் படம் திரையேறிற்று. மூன்றாவது 2025 டிசெம்பரில் வந்தது. நான்காவதற்கு 2029 உம் ஐந்தாவதற்கு 2031 உம் குறிக்கப்பட்டன. ஆயினும் அவை எடுக்கப்படுதல் வருவாயைப் பொறுத்தது என்று நெறியாளரே ஒளிவின்றிக் கூறியுள்ளார்.

பதின்மூன்றாண்டுக் காத்திருப்பு இரசிகரிடையே ஓயாத வாதமொன்றை வளர்த்தது. இத்துணைப் பெரும்படத்தின் கதாநாயகன் பெயரைக்கூட எவரும் நினைவிற் கொள்ளவில்லை, அது காட்சி மயக்கமேயன்றிக் கதையன்று என்றனர் ஒரு சாரார். மற்றைச் சாராரோ, 1997 இல் 'ரைற்றானிக்' வெளிவருமுன்னரும் இவ்வாறே தோல்வி கூறப்பட்டதென்றும், அப்படம் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றதென்றும் நினைவூட்டினர். இரண்டாம் படம் 230 கோடி டொலருக்கு மேல் ஈட்டியபோது முன்னையோர் வாயடைத்தனர். மூன்றாம் படம் 100 கோடியைத் தாண்டியும் முன்னைய இரண்டின் அளவை எட்டாதபோது, மீண்டும் வாய் திறந்தனர். இரு சாராரும் தூக்கிய தராசு ஒன்றே என்பதை அவர்தாமும் உணர்ந்திலர். ஒரு படத்தைப் பலர் பார்த்தனர் என்பது அது நன்று என்பதற்கோ தீது என்பதற்கோ சான்றாகாது. பணக்கணக்கிற் புகாத இரசிகரும் உளர். மொழியியலறிஞர் போல் புரொமர் இப்படத்துக்காக ஆக்கிய நாவி மொழியை ஆர்வத்தாற் கற்று, அதிற் பேசவும் எழுதவும் வல்லோர் பல நாடுகளிற் காணப்படுகின்றனர். இலக்கணம் என்றதும் ஓடி ஒளியும் மாணவரை அறிந்த ஆசிரியர்க்கு இச்செய்தி வியப்பையும் சிறிது பொறாமையையுந் தரும்.

படத்தின் பெயர் நமக்கு அயலானதன்று. 'அவதாரம்' என்னும் வடசொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். ஆயின் படத்தில் நிகழ்வது அவதாரமன்று. கால்கள் செயலிழந்த படைவீரனாகிய ஜேக் சல்லி, இறந்துபோன தன் இரட்டைச் சகோதரனுக்கெனச் சமைக்கப்பட்ட நாவி உடலிற் கருவிகளின் துணையாற் புகுந்து இயங்குகின்றான். முடிவில் தன் மானுட உடலை ஒழித்து அவ்வுடலிலேயே நிலைபெறுகின்றான். இதற்கு நம்மவர் இட்ட பெயர் கூடுவிட்டுக் கூடு பாய்தல். மூலன் என்னும் இடையன் இறக்க, அவனைச் சூழ்ந்து கதறிய ஆநிரையின் துயர் காணப்பொறாது யோகியார் அவனுடலிற் புகுந்ததும், தம்முடலைத் தேடிக் காணாது அவ்வுடலிலேயே திருமூலராய் அமர்ந்ததும் பெரியபுராணம் ஓதியோர் அறிவர். பிறர் துயரம் ஒருவனை வேற்றுடலிற் புகுத்தும் என்பதும், புகுந்தவன் பழைய உடலுக்கு மீளல் இயலாது என்பதும் அவ்வரலாற்றின் உயிர்நிலைகள். சல்லி துயர் கண்டு புகுந்தவனல்லன்; ஏவல்பெற்று ஒற்றனாய்ப் புகுந்தவன். ஆயினும் மீளாமை என்னும் கூறு அவனிடத்தும் உண்டு. முதற் படத்தின் வலிமை அதுவே என்பது எம் கருத்து. ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெற்றான்.

தொடர்ச்சியாக்கத்தின் இலக்கணம் கமெரோன் அறியாததன்று. அதில் அவரினும் வல்லார் அத்துறையில் அரியர். ரிட்லி ஸ்கொற் 1979 இல் எடுத்த 'ஏலியன்' இருண்ட வீட்டிற் பேய் உலாவுவது போன்ற அச்சக்கதை. கமெரோன் 1986 இல் அதன் தொடர்ச்சியை எடுத்தபோது, அதே ரிப்ளி என்னும் பெண்ணை வைத்துக்கொண்டு தாய்மையைக் கதைப்பொருளாக்கினார். பெற்றோரை இழந்த சிறுமிக்காக ஒருத்தியும், தன் முட்டைகளுக்காகக் கொடிய உயிரியொன்றும் எதிரெதிர் நிற்கும் அம்முடிவு முதற் படத்திற் கனவிலும் இல்லாதது. 1984 இல் அவர் எடுத்த 'ரெமினேற்றர்' படத்திற் கொல்ல வந்த இயந்திரம், 1991 இன் இரண்டாம் படத்திற் காக்க வந்தது. ஒரு சிறுவனிடம் மனிதர் அழுவதன் காரணத்தைக் கற்றுக்கொண்டு, உருகிய உருக்கினுள் தானே இறங்கி அழிந்தது. அவ்வழிவு மெய்யழிவாக இருந்தமையாற் கண்டோர் கலங்கினர். பிறர் 2003 முதல் அக்கதையை இழுத்து இழுத்து நீட்ட, அம்முடிவின் கனம் படிப்படியே குறைந்தது. இரண்டாம் படத்தோடு அக்கதை முடிந்ததென்று இன்றும் பல இரசிகர் கொள்வதற்குக் காரணம் வேறில்லை.

இவ்வாறு முடிக்கத் தெரிந்தவர், 'அவதார்' வரிசையிற் செய்தது யாது? முதற் படத்தில் நெய்த்திரியின் அம்புகளுக்கு இரையான படைத்தலைவன் குவாரிச், இரண்டாம் படத்திற் சேமித்து வைத்த நினைவுகளோடு நாவி உடலில் எழுந்து வருகின்றான். தன் பழைய மண்டையோட்டைத் தானே கையில் ஏந்தி நசுக்கும் ஒரு காட்சி உண்டு. நல்ல நாடகாசிரியன் கையில் அது ஒன்றே ஒரு முழு அங்கமாய் விரிந்திருக்கும்: நான் அவனா, அவனுடைய நினைவு மட்டுந்தானா என்னும் வினா அங்கே கருக்கொள்கின்றது. படமோ அதை விட்டு வேட்டைக்கு விரைகின்றது. எதிரி மாளமாட்டான் என்று அறிந்தபின் போர்க்காட்சி எத்துணை நேர்த்தியாயினும் நெஞ்சிற் பதியாது. மூன்றாம் படத்தின் இறுதிப் போரும் மீண்டும் கடலிலே நிகழக் கண்டபோது, முன்னர்க் கண்டதையே காண்கிறோம் என்று உற்ற இரசிகர்தாமும் முணுமுணுத்தமை நியாயமே.

இரண்டாம் படத்திற் கைவிடப்பட்ட மற்றொரு பொருள் இதனினும் பெரிது. துல்குன் என்னும் அறிவுடைய பெருங்கடலுயிரைக் கொன்று, அதன் மூளையினின்றும் வடிக்கும் நீர் மனிதரின் முதுமையைத் தடுக்கும். அதற்கு இட்ட பெயர் 'அம்ரிதா', அஃதாவது அமிர்தம். கடலைக் கடைந்தெடுத்த அமுதத்துக்காகத் தேவரும் அசுரரும் பொருதமை புராணம். இங்கே கடல்வாழ் உயிரின் மரணத்தை விலையாகக் கொடுத்துப் பூமியின் செல்வர் சாவாமையை வாங்குகின்றனர். இறந்தவன் நினைவால் மீள்வதும், வாழ்பவன் முதுமையை வெல்வதும் ஒரே பேராசையின் இரு முகங்கள். இவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருப்பின் கதை ஆழம் பெற்றிருக்கும். ஒருசில வசனங்களோடு அது நின்றுவிட்டது.

குறை மட்டுங் கூறி அமைதல் முறையன்று. இரண்டாம் படத்தின் முடிவில் சல்லியின் மூத்த மகன் நெத்தெயம் இறக்கின்றான், அவன் மீளவில்லை. மூன்றாம் படம் அத்துயரிலேயே தொடங்குகின்றது. தம்பியின் குற்றவுணர்ச்சியும், மனித இனம் முழுவதன்மேலும் தாய் கொள்ளும் வெறுப்பும், அவ்வெறுப்பு வீட்டில் வளர்ந்த மானுடச் சிறுவன்மீது பாய்வதும் இவ்வரிசையின் உயர்ந்த பகுதிகள். எரிமலையால் அழிந்து, தம் தெய்வம் தம்மைக் கைவிட்டதெனத் தெய்வத்தையே துறந்த நாவிக் குலமொன்றும் அப்படத்திற் புதிதாய்த் தோன்றுகின்றது. நாவியர் அனைவரும் நல்லோர் என்னும் முதற் படத்தின் எளிமையை இது தகர்த்தது. தொழினுட்பம் பற்றி இரசிகர் பேசுவனவற்றைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம். நடிகர் பெருந்தொட்டியினுள் மூச்சடக்கி நடிக்க, அவர் அசைவுகளைக் கருவிகள் நீரினுள்ளேயே பதிந்தன. 2012 இல் மரியானா அகழியின் அடித்தளம்வரை தனியே மூழ்கிச் சென்றவர் இந்நெறியாளர். கடலை அவர் காட்டுமாறு பிறர் காட்டவில்லை.

இனி வரவேண்டிய படங்கள்பற்றி இரசிகர் பெரிதும் கேட்பது ஆண்டும் தொகையுமே. கேட்கத்தக்கது வேறொன்று உண்டு. நான்காம் படத்திற் கதை சில ஆண்டுகளைத் தாண்டும் என்றும், அதன் தொடக்கப் பகுதி இளம் நடிகர் வளர்ந்துவிடுமுன் படமாக்கப்பட்டுவிட்டதென்றும் நெறியாளர் கூறியுள்ளார். ஐந்தாவதில் நெய்த்திரி பூமிக்கு வருவாள் என்பதை, 2024 இற் காலமான தயாரிப்பாளர் ஜோன் லண்டோ அறிவித்திருந்தார். அவ்வாறாயின் இதுகாறும் பெயரளவில் நின்ற பூமி, அங்கு எஞ்சி வாழும் எளிய மக்களோடு, முதன்முறையாகக் கதைக்களமாகும். மகனை மனிதரால் இழந்த தாய், அம்மனிதரின் அழிந்துவரும் மண்ணில் நின்று எதைக் காண்பாள், எவரை வெறுப்பாள்? முதற் படம் எழுப்பாத வினா இது. குவாரிச் மீண்டும் வருவானோ என்பதினும் இது கேட்கத்தக்கது.

படங்கள் எடுக்கப்படாதொழியின் எஞ்சிய கதையை நூலாக எழுதிவிடுவதாகவும் கமெரோன் சொல்லியிருக்கின்றார். இதை இரசிகர் பலர் தோல்வியாகவே கருதுகின்றனர். எமக்கு அந்நூலைப் படிக்கும் ஆவல் உண்டு. முப்பரிமாணமும் ஒளிரும் காடும் இல்லாத வெற்றுத்தாளில் நெய்த்திரி பூமியில் இறங்கும் அதிகாரத்தை அவர் எவ்வாறு தொடங்குவார் என்று பார்க்க வேண்டும்.