ஹோர்ட்டாவும் நீரோவும்: ஒரு தொடரைப் படமாக்குவது பற்றி

பழைய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கித் திரைப்படமாக எடுக்கலாமா என்ற கேள்வியை, மூலத்துக்கு விசுவாசமா துரோகமா என்ற சட்டகத்துக்குள் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. விசுவாசம் ரசிகர்களின் பாடு. ஒரு பிரதி எந்த நிபந்தனைகளில் உற்பத்தியானது, அவை மாறும்போது அதனால் எதைச் சொல்லமுடியாமல் போகிறது என்றே கேட்க விரும்புகிறேன். 'ஸ்டார் ட்ரெக்'கை எடுத்துக்கொள்வோம்.

1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்.பி.சி.யில் 79 அத்தியாயங்கள். கையில் காசு கிடையாது. வாராவாரம் விண்கலத்தைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால்தான் ஆட்களைக் கரைத்து அனுப்பும் அந்தக் கருவியே பிறந்தது. காட்ட முடியாததைப் பேசித்தானே தீர்க்கவேண்டும்? கிர்க், ஸ்பாக், மெக்காய் மூவரும் ஓயாமல் மல்லுக்கட்டுவதில் பாத்திர வார்ப்புக்கு உள்ள பங்கு பட்ஜெட்டுக்கும் உண்டு.

1967இல் ஓர் அத்தியாயம். சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது ஹோர்ட்டா என்ற ஜந்து. பார்த்தால் சிரிப்பு வரும். கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் தவழ்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது ஒரு தாய், சுரங்கக்காரர்கள் உடைத்துப்போட்ட உருண்டைகள் அதன் முட்டைகள் என்று தெரியவரும்போது 'மற்றது' என்கிற கட்டுமானமே சரிந்துவிடுகிறது. (முடிவில் குஞ்சுகள் சுரங்கம் தோண்ட, மனிதர்கள் கனிமத்தை அள்ளிக்கொள்கிறார்கள். காலனியம் எங்கே போய்விடும்!)

2009இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எடுத்த மறுதொடக்கப் படத்தில் ஸ்பாக்கின் கிரகமே நொறுங்கிப்போகிறது. கடைசியில், கருந்துளையில் சிக்கிய வில்லன் நீரோவுக்குக் கிர்க் உதவ முன்வருகிறான். ஸ்பாக்கே ஆட்சேபிக்கிறான். நீரோ மறுக்கிறான். உடனே சுட்டுத் தள்ளுகிறார்கள். ஐம்பது நிமிஷ விவாதம் சில விநாடிச் சடங்காகிவிட்டது. படம் மோசமா என்றால், இல்லை; ஜோராக ஓடுகிறது. அதுதான் எனக்குச் சங்கடம். அவ்வளவு முதலீடு போட்டவன் உலகச் சந்தையில் எல்லோருக்கும் விளங்குகிற சரக்கைத்தான் தேடுவான். வாக்குவாதத்தைவிட அழிவு சுலபமாக விலைபோகும்.

1982இல் வந்த கான் படத்திலும் வில்லன் சாகிறானே என்று நீங்கள் கேட்கலாம். சாகிறான். ஆனால் அது 1967 அத்தியாயம் ஒன்றின் தொடர்ச்சி, அதே நடிகர்கள், பதினைந்து வருஷ மூப்போடு. கிர்க்குக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. மறுதொடக்கம் முதலில் துடைத்தெறிவது இந்தக் காலத்தைத்தான். 1979இன் முதல் படத்தை மெதுவானது என்று கேலி செய்தார்கள். பூமியை அழிக்க வருவது மனிதர்கள் என்றோ அனுப்பிய வாயேஜர் கலம்தான் என்று கண்டுபிடிக்க அந்த மெதுநடை தேவையாயிருந்தது என்பது என் கட்சி.

அப்படியானால் மறுதொடக்கமே கூடாதா? 1978இன் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை 2003இல் தொலைக்காட்சியிலேயே திரும்ப எடுத்தார்கள். முன்பு ஊர்வன இனமொன்று படைத்த எதிரி இயந்திரங்கள் இப்போது மனிதர்களே படைத்தவை. 2006 அத்தியாயங்களில் ஆக்கிரமிப்புக்குள்ளான மனிதர்கள் தற்கொலைக் குண்டு வெடிக்கிறார்கள், ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த அதே நேரத்தில். அமெரிக்கப் பார்வையாளர், குண்டு கட்டிக்கொண்டவனின் பக்கம் நின்று யோசிக்கவேண்டி வந்தது. அங்கே கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தொடருக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. இரண்டு மணி நேரப் படத்தில் இது நடக்கிற காரியமா? மறுதொடக்கம் தாராளமாகச் செய்யட்டும். தொலைக்காட்சியிலேயே, கொஞ்சம் காசுத் தட்டுப்பாட்டோடு.