ஸ்தலபுராணம்

கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று அவர் கேட்டார். அறுபது வயதிருக்கும். கையில் கண்ணாடித்தாள் உறை போட்ட ஒரு புகைப்படம். அதை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வந்து, படத்திலிருந்த கடிகாரமும் தலைக்குமேல் தொங்கிய கடிகாரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் காரியம் எனக்குப் புதிதில்லை. பதினொரு வருஷமாக வங்கியில் நான் செய்வது இதுதான். காசோலையின் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆனால் எது மாதிரி, எது காசோலை என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கார்ன்ஃபோர்த் ரயில் நிலையத்தில் வந்தது.

அக்காள் மான்செஸ்டரில் இருக்கிறாள். மே மாதம் மூன்று வார லீவில் போயிருந்தேன். கார்ன்ஃபோர்த்துக்குப் போகிறேன் என்றதும் அத்தான், "ஒரு டீ குடிக்க அறுபது மைல் போகணுமா மாப்ளே?" என்றார். நியாயமான கேள்வி. அந்த ஊரில் வேறு ஒன்றுமில்லை. டேவிட் லீன் 1945இல் எடுத்த 'ப்ரீஃப் என்கவுன்ட்டர்' படத்தின் ஸ்டேஷன் அது. நோயல் கவர்டின் ஓரங்க நாடகம் ஒன்றிலிருந்து செய்த படம். கல்யாணமான ஒரு பெண், கல்யாணமான ஒரு டாக்டர், சில வியாழக்கிழமைகள், ஸ்டேஷன் டீக்கடை. பிறகு பிரிகிறார்கள். இவ்வளவுதான் கதை. எட்டு தடவையாவது பார்த்திருப்பேன்.

லீன் அவ்வளவு வடக்கே போனதற்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. 1945 பிப்ரவரியில் யுத்தம் முடியவில்லை. இரவில், பெரிய விளக்குகள் போட்டு எடுக்க வேண்டிய காட்சிகள். லண்டனுக்குப் பக்கத்தில் அது நடக்காது. லங்காஷயர் என்றால், எதிரி விமானம் வருவதாகத் தகவல் வந்தபின் விளக்கை அணைக்க அவகாசம் கிடைக்கும். அதற்காகப் போனார்கள். கதைப்படியோ அது தெற்கே, லண்டனைச் சுற்றியுள்ள சீமையில், மில்ஃபோர்ட் ஜங்ஷன் என்று இல்லாத ஓர் ஊர். ஆனால் பிளாட்பாரப் பலகைகளைக் கூர்ந்து பார்த்தால் லீட்ஸ், பிராட்ஃபோர்ட், லங்காஸ்டர், மோர்கம் என்று படிக்கலாம். செங்கல்பட்டில் நடக்கும் கதையில் பலகை மட்டும் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று காட்டுவது போல. பலகையை மறைக்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறவன் பலகையைப் படிக்க மாட்டான் என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது. அது வீண்போகவில்லை.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் படகில் போவது லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில். காரில் போய் நிற்கும் கல்பாலம் வடக்கே, ஏரி மாவட்டத்தின் லாங்டேல் பள்ளத்தாக்கில். ஊருக்குள் நடப்பது கொஞ்சம் பீக்கன்ஸ்ஃபீல்டில். சீலியா ஜான்ஸனும் ட்ரெவர் ஹோவர்டும் சில பகல்களில் காதலிக்க இங்கிலாந்தின் இரண்டு முனைகளும் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தச் சின்ன ஊர் இருப்பது எடிட்டிங் மேஜைமேல்.

டீக்கடை டென்ஹம் ஸ்டூடியோவில் போட்ட செட். டென்ஹமில் 1952க்குப் பிறகு படம் எடுக்கவில்லை. பிற்பாடு ஸ்டூடியோவை இடித்தும்விட்டார்கள். பாழடைந்து கிடந்த கார்ன்ஃபோர்த் நிலையத்தைப் புதுப்பித்து 2003இல் ஒரு காட்சியகமாகத் திறந்தபோது, படத்தில் இருக்கும் டீக்கடையைப் பார்த்து அதேபோல் ஒன்றை அங்கே அமைத்தார்கள். அங்கே உட்கார்ந்து நான் டீ குடித்தேன். நல்ல டீ. நம் கோவில்களில் ஸ்தலம் முதலில் இருக்கிறது. பாறையில் ஒரு குழி கிடக்கும். புராணக்காரன் பின்னால் வந்து அது யானை முழங்கால் ஊன்றிய இடம் என்பான். இங்கே புராணம் முதலில் வந்து, குழியை அப்புறம் வெட்டியிருக்கிறார்கள். புகைப்படக்காரர் அங்கேயும் வந்து, என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் தன் படத்தை நீட்டிப் பிடித்தார். அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. நானும் அதற்குத்தானே போயிருந்தேன்.

போனதற்குக் கிடைத்தது வேறொன்று. கார்ன்ஃபோர்த்தின் பிரதான மார்க்கத்துப் பிளாட்பாரங்களை 1970இல் மூடிவிட்டார்கள். வடக்கே கிளாஸ்கோவுக்குப் போகும் வேக வண்டிகள் அங்கே நிற்பதில்லை. டீயை முடித்து வெளியே வந்த நேரத்தில் ஒன்று போயிற்று. சத்தம் வருமுன் காற்று வந்தது. உடம்பு தானாகப் பின்வாங்கியது. படத்தில் அவள் விளிம்பு வரை ஓடி நிற்கும் அந்த இடத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஷாட்டில் ஸ்டேஷனே இல்லை. ரயிலும் இல்லை. சாய்ந்துபோன சட்டத்துக்குள் ஒரு முகம். அதன்மேல் ஜன்னல் வெளிச்சங்கள் ஓடுகின்றன. தலைமயிர் பறக்கிறது. அவ்வளவே. இடத்தை முழுக்க அப்புறப்படுத்திய பிறகு லீன் அதைச் செய்கிறார். படத்தின் உயிர்நிலையான கணத்துக்கு லொகேஷன் கிடையாது. புகைப்படத்தை நீட்டிப் பிடித்து அதைப் பொருத்திப் பார்க்க எங்கேயும் போக முடியாது.

இதை ஒரு சினிமா விஷயமாக மட்டும் எழுதுவதானால் இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கியிருக்க மாட்டேன். ஆறு வருஷம் முன்பு இதே பத்திரிகையில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். முதல் தொகுப்பு. அதில் ஒரு கதை ரயில் நிலையத்தில் நடக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்ப வந்த ஒரு பெண், பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்டி வருகிறது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ஊர்ப் பெயர் கதையில் இருந்தது. அந்த ஊர்க் கிளையில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அந்த ஜன்னலைத் திறந்தால் சரக்குக் கொட்டகையின் சுவர்தான் தெரியும். மலை அடுத்த பக்கம். இதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினேன். மலையைச் சுமந்து வந்த அனுமார் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மண்ணை மிதிக்காதவன் மண்ணை எழுதக்கூடாது என்று முடித்திருந்தேன். நண்பர்கள் கைதட்டினார்கள். அந்த எழுத்தாளர் அப்புறம் எதுவும் வெளியிடவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகை அகம்பாவம். காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வண்டியின் காற்று அடித்தபோது அந்த மலைதான் நினைவுக்கு வந்தது.

அதற்காக, இடம் எப்படி இருந்தாலும் பாதகமில்லை என்ற மறுகோடிக்கு ஓடுவதற்கில்லை. அடுத்த வாரம் லண்டனிலிருந்து ஹார்ஷம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து லெனார்ட்ஸ்லீ தோட்டத்துக்குப் போனேன். 'பிளாக் நார்ஸிஸஸ்' படத்தின் இமயமலை அது. மைக்கேல் பவலும் எமரிக் பிரெஸ்பர்கரும் எடுத்து, இந்தியா சுதந்திரமடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947இல் வெளியான படம். இமயமலைச் சரிவில் பழைய அரண்மனை ஒன்றில் மடம் அமைக்க வரும் ஐந்து கன்யாஸ்திரிகள், அந்த மலையின் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக நிலைகுலைவது கதை. படக்குழு இந்தியாவுக்கு வரவேயில்லை. அரண்மனையும் மலையும் ஆல்ஃப்ரெட் யுங்கே பைன்வுட் ஸ்டூடியோவில் எழுப்பினார். மணியடிக்கும் இடத்துக்குக் கீழே பார்வை விழும் அதலபாதாளம் பெர்ஸி டே வரைந்த ஓவியம். யுங்கேவுக்கும் காமிராவைக் கையாண்ட ஜாக் கார்டிஃபுக்கும் ஆஸ்கர் கொடுத்தார்கள். வெளிப்புறத்துக்குத் தேவைப்பட்ட காட்டை ஸஸெக்ஸில் இந்தத் தோட்டத்தில் எடுத்தார்கள்.

பொய்யான இமயம் என்று எழுதத் தயாராகத்தான் போனேன். ஆனால் தோட்டம் பூராவும் ரோடோடென்ட்ரான். நம் நீலகிரிக்காரர்கள் காட்டுப் பூவரசு என்று சொல்லும் மரத்தின் சொந்தக்காரர்கள். எட்மண்ட் லோடர் என்ற பிரபு 1889இல் இந்த இடத்தை எடுத்து வளர்த்தது. அவர் 1901இல் ஒட்டுச்சேர்த்து உண்டாக்கிய, உலகப் பிரசித்தமான வெள்ளைப் பூ ரகத்தின் பெற்றோரில் ஒன்று இமயமலைச் செடி. ஆக, படத்தின் மலை பொய். செடி நிஜம். சாம்ராஜ்யம் இமயத்தைக் கொண்டுபோய்த் தன் கொல்லையில் நட்டுவைத்திருந்தது. பிறகு அந்தக் கொல்லையை இமயமாக நடிக்க வைத்தது. (ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாலபிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் படத்தில் வேடம் கிடைக்கவில்லை.) 2010இல் மூடிப்போன தோட்டம் 2019இல் மறுபடி திறந்திருக்கிறது.

நாவலை எழுதிய ரூமர் காடன் வங்காளத்தில் வளர்ந்தவர். அவருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அடுத்து 'தி ரிவர்' நாவலை ழான் ரெனுவார் படமாக்கியபோது அவரே கூட இருந்து எழுதினார். அந்தப் படம் 1951இல் வந்தது. வங்காளத்தில், நிஜ ஹூக்ளி நதிக்கரையில் எடுத்தது. நதி நிஜம், படகுகள் நிஜம், படித்துறை நிஜம். அத்தனை நிஜத்துக்கும் நடுவில் அது ஓர் ஆங்கிலக் குடும்பத்துத் தோட்டத்துச் சுவருக்குள்ளிருந்து பார்த்த இந்தியா. எனக்கு ரெனுவாரின் படம் பிரியமானது. ஆனாலும் ஸ்தலம் நிஜமாக இருப்பது பார்வைக்கு ஜாமீன் ஆகாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

'பிளாக் நார்ஸிஸஸ்' படத்தில் என்னை உறுத்துவது வரைந்த மலை அல்ல. அந்த மலை ஒரு மனநிலை. கன்யாஸ்திரிகளின் தலைக்குள் இருக்கும் பாதாளத்தை டே வரைந்திருக்கிறார். நிஜ மலையில் எடுத்திருந்தால் அது வெறும் இயற்கைக் காட்சியாகியிருக்கும். ஜீன் ஸிம்மன்ஸுக்கு முகத்தில் பழுப்பு பூசி மூக்குத்தி போட்டு இந்தியப் பெண்ணாக்கியது பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அதைக்கூட அந்தக் காலத்து வழக்கம் என்று தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது பின்னால் நிற்கும் கூட்டம். துணை நடிகர்களை லண்டனில், ரோதர்ஹைத் துறைமுகத்தில் வேலை செய்தவர்களிலிருந்து பிடித்திருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்துக்குக் கை நீட்டுகிறார்கள். கப்பலில் கரிசுமந்த கைகளாகவும் இருக்கலாம். படத்தின் நிஜமான கீழ்த்திசை அந்த முகங்களில் இருக்கிறது. அவர்களுக்குப் பேச ஒரு வார்த்தை கிடையாது. எல்லாவற்றையும் பொய்யாகச் செய்த மேதைகள், கையில் அகப்பட்ட நிஜத்தை வாய் திறக்கவிடவில்லை. புகைப்படத்தை நீட்டிப் பிடிக்கிறவன் மலை பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். இதைக் கண்டுபிடிக்க மாட்டான். அவன் கண் அதற்குப் பழகவில்லை.

மல் தீவுக்குப் போகவில்லை. லீவும் காசும் தீர்ந்துவிட்டன. பவல்–பிரெஸ்பர்கரின் 'ஐ நோ வேர் ஐ'ம் கோயிங்' அங்கே எடுத்தது. அதன் கதாநாயகன் ரோஜர் லிவ்ஸி லண்டனில் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்ததால், ஸ்காட்லாந்துக் கரையில் கால் வைக்கவேயில்லை. தூரக் காட்சிகளில் நடப்பது இன்னொருவர். இருந்தும் அந்தத் தீவின் மண்ணில் முளைத்தவராக நாம் நம்புவது லிவ்ஸியைத்தான். அங்கே அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் டெலிபோன் கூண்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்களாம்.

ஊர் திரும்பி முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுகதைத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் 'சுவர்!' என்று எழுதி வைத்திருந்தேன். கதையை இந்தத் தடவை மலையோடு படித்தேன். அவள் மலையைப் பார்க்கிறாள். பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை ஆரஞ்சுத் தோலைத் தரையில் வரிசையாக அடுக்குகிறது. வண்டி வந்து நிற்கும்போது அவள் குனிந்து, கலைந்த ஒரு தோலைச் சரிசெய்கிறாள். அருமையான இடம். இதை நான் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். அதற்கு முன் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கதையில் கோளாறு இருக்கிறது. கடைசிப் பத்தியில் அவள் ஏன் வண்டி ஏறவில்லை என்று ஆசிரியர் ஏழு வரிகளில் விளக்குகிறார். குழந்தைகள், மாமியாரின் நோய், ஊர் என்ன சொல்லும். ஆரஞ்சுத் தோல் சொல்லி முடித்ததை மறுபடி சொல்வது. விமர்சகன் என்று ஒருவன் இருந்தால் அவன் சொல்லியிருக்க வேண்டியது இதை. என் மதிப்புரையில் அந்த ஏழு வரிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சுவரைக் கண்டுபிடித்ததோடு என் வேலை முடிந்துவிட்டது.

அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஏழு வரிகளை எடுத்துவிட்டு, மலையை அப்படியே வைத்து, கதையை மறுபடி அனுப்புவதானால் அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்குவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.