பதில் இல்லாத மனுக்கள்

தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டில் பேச்சு ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: மக்களவையில் நமக்கு எத்தனை இடம்? அந்தக் கேள்வியின் அவசரம் எனக்குப் புரிகிறது. மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்த மாநிலம் அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எண்ணிக்கை முடிவானதும் இன்னொரு வேலை தொடங்கும். எந்த வட்டம் எந்தத் தொகுதிக்குப் போகிறது, எது தனித்தொகுதி ஆகிறது, எந்த ஊரின் பெயர் வரைபடத்திலிருந்து மறைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தீர்மானமாகும். அந்த வேலையில் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. அந்தக் கேட்பு எந்த அளவுக்கு உண்மையானது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

புதுக்கோட்டையிலிருந்து தொடங்கலாம். 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லாமல் போனது. அந்த மாவட்டத்தில் இன்று இருப்பவை ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சி மக்களவைத் தொகுதிக்குப் போயின. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்குப் போயின. விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள், நால்வரில் ஒருவருக்குக்கூட அந்த மாவட்டம் தொகுதியின் மையம் அல்ல. ஒரு ரயில் நிறுத்தம் வேண்டுமென்றால் அறந்தாங்கிக்காரர் ஒரு பக்கம் போக வேண்டும், விராலிமலைக்காரர் நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். 2009 மக்களவைத் தேர்தலில் அங்கே பலர், யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று பதிவு செய்ய வழிதந்த 49-ஓ விதியைப் பயன்படுத்தித் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள்.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் உறுத்துகிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் சரியாக ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஆறு. 2001 கணக்கெடுப்பின்படி ஒரு மக்களவைத் தொகுதியின் சராசரி மக்கள்தொகை சுமார் 16 லட்சம். மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம். பத்து விழுக்காடு வரையிலான ஏற்றத்தாழ்வை மறுவரையறை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளே அனுமதித்தன; இது அதற்குள் அடங்குகிறது. நிர்வாக எல்லைகளைக் கருத்தில் கொள்ளச் சொல்லும் ஒரு சட்டத்தின் கீழ், ஒரு மாவட்டத்தை அப்படியே ஒரு தொகுதியாக்க இவ்வளவு பொருத்தமான வாய்ப்பு எளிதில் அமையாது.

ஆணையத்தின் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள், ராமநாதபுரத்தில் நான்கு. திருச்சி மாவட்டத்தில் பெரம்பலூருக்கும் கரூருக்கும் கொடுத்தது போக மிஞ்சியவை நான்கு. இவற்றை ஆறாக நிரப்ப எங்கிருந்தாவது எடுத்தே ஆக வேண்டும். நடுவில் இருந்த புதுக்கோட்டையிலிருந்து எடுத்தார்கள். புதுக்கோட்டையை முழுதாக விட்டிருந்தால் சிவகங்கையோ ராமநாதபுரமோ உடைந்திருக்கலாம். இந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இது வரைபடத்தைப் பார்த்து நான் ஊகித்துக்கொண்ட விளக்கம். இதைப் புதுக்கோட்டை மக்களுக்கு எழுத்தில் சொல்லும் கடமை ஆணையத்துக்கு இருக்கவில்லை. என் குறை அங்கேதான் தொடங்குகிறது.

2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம், 9ஆம் பிரிவில் நடைமுறையை வகுக்கிறது. ஆணையம் தன் முன்மொழிவை அரசிதழில் வெளியிட வேண்டும். மாநிலத்துக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது, ஆனால் அவர்கள் விரும்பினால் மாற்று முன்மொழிவு அதோடு சேர்ந்து வெளிவரும். குறிப்பிட்ட நாளுக்குள் வரும் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும். மாநிலத்தில், தான் பொருத்தமெனக் கருதும் இடத்தில், ஒன்றோ அதற்கு மேற்பட்டோ பொது அமர்வுகள் நடத்த வேண்டும். பிறகு இறுதி ஆணை. 10ஆம் பிரிவின்படி அந்த ஆணைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு. எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மக்களவையின் முன்னும் சட்டமன்றத்தின் முன்னும் வைக்கப்படும். அங்கும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். மனு கொடுக்க இத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்று இல்லை. மாவட்டந்தோறும் கூட்டம் என்று இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே அமர்வு நடந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். மனுவை ஏற்றதற்கோ தள்ளியதற்கோ காரணம் சொல்ல வேண்டும் என்று இல்லை. மனுக்களைப் பார்த்து வரைவைத் திருத்தினால், திருத்தத்தால் புதிதாகப் பாதிக்கப்படுபவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும் என்றும் இல்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, பதில் சொல்வதற்கு இல்லை.

நடைமுறையில் இது என்ன ஆனது என்பதற்கு அண்மைய உதாரணங்கள் இரண்டு. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான ஆணையம் ஜம்மு காஷ்மீருக்கான வரைவை 2022 மார்ச் 14 அன்று வெளியிட்டது. மனு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 21. இரண்டாண்டுகள் எடுத்து வரைந்த வரைபடத்தைப் படித்து, தன் ஊரைத் தேடி, பக்கத்து ஊர்க்காரரோடு பேசி, மாற்று யோசனை எழுதிக் கொடுக்கக் குடிமக்களுக்குக் கிடைத்தது ஒரு வாரம். ஏப்ரலில் ஜம்முவிலும் ஸ்ரீநகரிலும் அமர்வுகள் நடந்தன. மே 5 அன்று இறுதி ஆணை. மனுக்களால் எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்: சில தாலுகாக்கள் இடம் மாறின, டங்மார்க் தொகுதி குல்மார்க் ஆனது, சோன்வார் லால்சவுக் ஆனது. ஆனால் பெரிய கேள்விகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. மக்கள்தொகையில் சுமார் 56 விழுக்காடு உள்ள காஷ்மீருக்கு 47 இடங்கள், சுமார் 44 விழுக்காடு உள்ள ஜம்முவுக்கு 43 என்ற பங்கீடு அசையவில்லை. பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு அந்தப்புறம் உள்ள ரஜௌரி, பூஞ்ச் மாவட்டங்களை இந்தப்புறம் உள்ள அனந்த்நாகோடு சேர்த்த மக்களவைத் தொகுதியும் அசையவில்லை. இரண்டையும் நேராக இணைப்பது முகல் சாலை. குளிர்காலத்தில் பனி அதை மூடிவிடும். போக்குவரத்து வசதியைப் பார்க்க வேண்டும் என்பது சட்டமே வைத்த அளவுகோல். 2024 தேர்தலில் போக்குவரத்துச் சிக்கலைக் காட்டியே அந்தத் தொகுதியின் வாக்குப்பதிவை மே 7இலிருந்து மே 25க்குத் தள்ளிவைக்க நேர்ந்தது.

அசாமில் வேலையைச் செய்தது தேர்தல் ஆணையமே. வரைவு 2023 ஜூன் 20 அன்று வந்தது, ஜூலை 11 வரை மனுக்கள் வாங்கினார்கள், பின்பு குவாஹாட்டியில் மூன்று நாள் கேட்பு நடத்தினார்கள். பராக் பள்ளத்தாக்கின் சட்டமன்ற இடங்கள் 15இலிருந்து 13ஆகக் குறைகின்றன என்றது வரைவு. அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் அதை எதிர்த்துப் பேச மேகாலய மலைகளைக் கடந்து குவாஹாட்டிக்குப் போக வேண்டியிருந்தது. 1,200க்கும் மேற்பட்ட மனுக்களில் சுமார் 45 விழுக்காட்டைக் கருத்தில் கொண்டதாக ஆணையம் அறிவித்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இறுதி ஆணையில் ஒரு மக்களவைத் தொகுதியும் 19 சட்டமன்றத் தொகுதிகளும் பெயர் மாறின என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. பெயர் மாற்றக் கோரிய மனுவும், இரண்டு இடங்களை இழந்த பள்ளத்தாக்கின் மனுவும் ஒரே விழுக்காட்டுக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமமாகிவிடுகின்றன. பெயரும் முக்கியம்தான், ஊர்ப்பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பராக்கின் 15, 13 ஆகவே போனது.

மறுதரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மக்கள் கருத்து என்று மேடைக்கு வருவது பெரும்பாலும் மக்களின் கருத்து அல்ல, கட்சியின் கருத்து. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2011இல் குடிமக்கள் ஆணையம் ஒன்று ஊர் ஊராகப் போய்க் கேட்டது. கட்சிக்காரர்களே உள்ளூர்க் குழுக்கள் என்ற பெயரில் வந்து பேசித் தங்களுக்கு வேண்டிய தொகுதிகளைப் பெற்றார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் எழுதியது. நம் ஊரில் வேன் வைத்து ஆள் கொண்டுவருவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பார்த்துவிட்டோம். இரண்டாவது, ஒரு வட்டத்தை இங்கிருந்து எடுத்தால் அங்கே சேர்த்தாக வேண்டும். ஒருவருக்கு நியாயமானது பக்கத்து ஊர்க்காரருக்கு அநியாயம். மனுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து எல்லை வரைந்தால் சத்தம் போடத் தெரிந்தவர் வெல்வார்; எண்ணிக்கையில் சிறியவரும் கூலிவேலையை விட்டு வர முடியாதவரும் தோற்பார்கள்.

இந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மனு என்பது வாக்கு அல்ல, அது சாட்சியம். நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட மனுவைவிட, ஒரு தாலுகாவுக்கும் அடுத்த தாலுகாவுக்கும் இடையே பேருந்தே கிடையாது என்று காட்டும் ஒரு மனு கனமானது. ஆனால் அந்தக் கனத்தை எடைபோட்டதாகச் சொல்பவர் எடைபோட்ட விதத்தைக் காட்ட வேண்டாமா? காரணம் எழுதும் கடமை இருந்தால் கட்சிக்காரரின் மனுவும் அம்பலப்படும், அதற்குப் பணிந்த ஆணையமும் அம்பலப்படும். ஆள் திரட்டும் தந்திரத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மேலும், நம் நடைமுறையில் வலியவரின் குரல் கேட்காமலா இருக்கிறது? ஜார்க்கண்டில் பழங்குடியினருக்கான இடங்கள் குறைவதை எதிர்த்து அரசியல் அழுத்தம் எழுந்தபோது, மாற்றவே முடியாததென்று சட்டம் சொன்ன இறுதி ஆணையை 2008இல் சட்டத்திருத்தம் செய்தே செல்லாததாக்கினார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நாடாளுமன்றம் வரை கை நீளாத புதுக்கோட்டைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

ஒப்பிட அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன், அங்கே கேட்பு வென்றதால் அல்ல, தோற்றதால். 2018 வாக்கெடுப்பில் மக்கள் உருவாக்கிய ஆணையத்தில் 13 குடிமக்கள்: நான்கு ஜனநாயகக் கட்சியினர், நான்கு குடியரசுக் கட்சியினர், ஐந்து சார்பற்றவர்கள். வரைவதற்கு முன் குறைந்தது பத்துக் கேட்புகள், வரைவு வந்தபின் குறைந்தது ஐந்து. ஏற்றுக்கொண்ட வரைபடத்துக்குக் காரணம் விளக்கும் அறிக்கை. உடன்படாத உறுப்பினருக்குத் தனி அறிக்கை எழுதும் உரிமை. இவ்வளவும் அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டவை. அப்படியிருந்தும் 2021 அக்டோபரில் டெட்ராய்ட் கூட்டத்தில் கறுப்பின மக்கள் வரிசையாக எழுந்து, எங்கள் பகுதிகளைத் துண்டாக்கிப் புறநகர்களோடு இணைக்காதீர்கள் என்று சொன்னது ஆணையத்தின் காதில் ஏறவில்லை. ஆணையம் தன் வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் நம்பியது. நடுவில் ஒரு மூடிய அறைக் கூட்டமும் நடந்தது. அதன் ஒலிப்பதிவை வெளியிடும்படி மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம், டெட்ராய்ட் பகுதியின் 13 தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை, செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு அடித்தளமாக அமைந்தவை ஆணையத்தின் திறந்த கூட்டங்களில் உறுப்பினர்களும் நிபுணர்களும் பேசிப் பதிவான சொற்களே. 2024இல் எல்லைகள் மறுபடி வரையப்பட்டன. மக்கள் பேசியதை ஆணையம் கேட்கவில்லை; ஆனால் என்ன காரணத்தால் கேட்கவில்லை என்பது பதிவில் இருந்தது, அந்தப் பதிவைப் படிக்க ஒரு நீதிமன்றமும் இருந்தது. நல்ல மனிதர்களை நியமிப்பதைவிட இது பெரிய பாதுகாப்பு. நல்லவர்களும் தவறுவார்கள்.

10ஆம் பிரிவு என்ன சொன்னாலும், நம் நாட்டிலும் நீதிமன்றக் கதவு முழுதாக அடைபட்டுவிடவில்லை. குஜராத்தின் பார்டோலி தொகுதி தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மறுவரையறை ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாக இருந்து அரசியல் சாசன விழுமியங்களோடு பொருந்தாவிட்டால் தலையிட முடியும் என்றது. ஆனால் காரணமே எழுதப்படாத ஒரு முடிவைத் தன்னிச்சையானது என்று எப்படி நிரூபிப்பது? மனுதாரர் கையில் இருப்பது ஊர்ப்பெயர்களின் அட்டவணை மட்டும். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் தொகுதிகள் தனித்தொகுதிகளாக, பட்டியல் சாதியினர் கூடுதலாக வாழும் சில தொகுதிகள் பொதுத்தொகுதிகளாக இருப்பதை 2006இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு சுட்டிக்காட்டியது. அந்தக் குறையைத் தொகுதிவாரியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் தேவைப்படுவது அதே காரணப் பதிவுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது: இந்தியாவின் மறுவரையறைக் கேட்பு, பெயரைத் திருத்தவும் ஒன்றிரண்டு தாலுகாக்களை நகர்த்தவும் உதவும் மனுநாள் அளவுக்குத்தான் இருக்கிறது. எல்லை நியாயமானதா என்று சோதிக்கும் கருவியாக அது அமையவில்லை. குற்றம் ஆணையத்தில் அமரும் நீதிபதிகளிடம் இல்லை. அவர்களிடம் எதையும் கேட்காத சட்டத்தில் இருக்கிறது. கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் இதைச் சரிசெய்யாது. மிச்சிகனில் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவகாசம் வேண்டும், மாவட்டத் தலைநகரில் அமர்வு வேண்டும், எல்லாம் சரி. ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் நான் கேட்பது எழுத்துமூலக் காரணம்.

நாடு தழுவிய ஒவ்வொரு மறுவரையறை ஆணையத்துக்கும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியே வந்திருக்கிறது: 1952, 1962, 1972, 2002. அடுத்த மசோதாவை விவாதிக்கும்போது, இடங்களின் எண்ணிக்கைக்காக எழுப்பும் அதே குரலில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இந்த ஒரு பிரிவையும் கேட்டுப் பெற வேண்டும்: மாவட்டத்தையோ வட்டத்தையோ உடைக்கும் ஒவ்வொரு எல்லைக்கும், நிராகரிக்கும் ஒவ்வொரு ஆட்சேபனைக்கும், ஆணையம் காரணத்தை எழுதி இறுதி ஆணையோடு அரசிதழில் வெளியிட வேண்டும். புதுக்கோட்டையின் நான்கு எம்.பி.க்கள் சேர்ந்தே இதை முன்மொழியலாம்.