குறிப்பேட்டிலிருந்து நீங்கிய பெயர்: ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’ நாவலில் இரசிகரின் எழுத்து

ஆய்வுச் சுருக்கம்

இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளியிட்ட ‘சைனாமேன்: த லெஜண்ட் ஆஃப் பிரதீப் மாத்யூ’ என்னும் நாவல், மறக்கப்பட்ட தமிழ்க் கிரிக்கெட் வீரர் ஒருவரைச் சிங்கள இரசிகர் ஒருவர் தேடும் கதை. விளையாட்டு இரசிகரின் எழுத்து அதிகாரப்பூர்வப் பதிவுக்கு மாற்றாக இந்நாவலில் எவ்வாறு அமைகிறது, அம்மாற்று எதனை மீட்கிறது, எதனை மீட்க இயலாது நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பேஸ்பால் இரசிகரைக் கதைசொல்லியாகக் கொண்ட பிலிப் ராத்தின் ‘த கிரேட் அமெரிக்கன் நாவல்’ (1973) ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரசிகர், ஆட்டக் குறிப்பேடு, கிரிக்கெட், பேஸ்பால், இலங்கைத் தமிழர், ஒப்பிலக்கியம்

முன்னுரை

ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவன இரண்டு. ஒன்று, கணக்கர் எழுதிய குறிப்பேடு. மற்றொன்று, கண்டவர் நினைவு. குறிப்பேடு எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்பதைச் சொல்லும். ஆடியவர் எப்படி நின்றார், எப்படிச் சிரித்தார், ஏன் அடுத்த ஆண்டு அணியில் இல்லை என்பவற்றைக் கண்டவரே சொல்லவேண்டும்.

காண்போரின் சொல்லுக்குத் தமிழ் மரபு இடம் கொடுத்துள்ளது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் பெரிதும் காண்போரின் பேச்சாகவே விரிகிறது. காளையின் நிறமும் வீரனின் துணிவும் பார்ப்பவர் வாய்மொழியில்தான் உருப்பெறுகின்றன. வீழ்ந்தவரின் பெயரைக் கல்லில் நிறுத்தும் வழக்கைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு படிநிலைகளாக வகுக்கிறது. கண்டு வியத்தல், பெயரை நிலைநிறுத்தல் என்னும் இவ்விரு செயல்களும் விளையாட்டு இரசிகரின் எழுத்தில் ஒன்றுசேர்கின்றன. குறிப்பேடே ஒரு பெயரை விட்டுவிட்டால் இரசிகரின் எழுத்து என்ன செய்ய இயலும் என்பதே ‘சைனாமேன்’ எழுப்பும் வினா.

நாவலும் அதன் கதைசொல்லியும்

கையெழுத்துப் படியாக இருந்தபோதே 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைப் பெற்ற இந்நாவல், 2012இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசையும் காமன்வெல்த் நூல் பரிசையும் வென்றது. கதைசொல்லி டபிள்யூ. ஜி. கருணாசேன ஓய்வுபெற்ற விளையாட்டுச் செய்தியாளர். மிகுந்த குடிப்பழக்கம் உடையவர். குடியை நிறுத்தாவிடில் நெடுநாள் வாழ இயலாது என மருத்துவர் எச்சரித்த பின், எஞ்சிய காலத்தில் ஒரு செயலைச் செய்து முடிக்க விழைகிறார். தாம் கண்டவருள் தலைசிறந்தவர் எனக் கருதும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பிரதீப் மாத்யூவைப் பற்றி எழுதுவதே அது.

கருணாசேனவின் எழுத்துமுறை இரசிகரின் முறையே. பட்டியலிடுகிறார், ஒப்பிடுகிறார், அண்டை வீட்டு நண்பரான கணித ஆசிரியர் அரியரத்னவோடு புள்ளிவிவரம் பேசி வாதிடுகிறார், பந்தின் பிடியைப் படமாக வரைந்து காட்டுகிறார். நாவலின் பகுதிகளுக்கு ஆட்டத்தின் கட்டங்களே பெயராகின்றன. இயல்கள் சிறு தலைப்புகளாக உடைந்து, ஓர் ஓவருக்கும் அடுத்த ஓவருக்கும் இடையில் பார்வையாளர் பேசிக்கொள்வதுபோல் திசைமாறிச் செல்கின்றன. இத்திசைமாற்றம் கட்டமைப்புக் குறையன்று. நேர்வரிசையில் சொல்லச் சான்றுகள் இல்லாத ஒரு வாழ்வை வேறு எவ்வகையிலும் சொல்ல இயலாது என்பதே அதன் காரணம்.

ஐம்பத்தொன்று என்னும் எண்

நாவலின் மையத்தில் ஓர் எண் உள்ளது. 1987இல் நியூசிலாந்துக்கு எதிராகக் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் மாத்யூ 51 ஓட்டங்கள் கொடுத்துப் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்துகிறார்; அவ்வாட்டமோ பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது.

இவ்வெண்ணின் பொருளை இரசிகரே உடனே உணர்வர். டெஸ்ட் ஆட்டத்தின் ஓர் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தவர்களுள் சிறந்த கணக்கு ஜிம் லேக்கருடையது. 1956இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மான்செஸ்டரில் அவர் கொடுத்த ஓட்டங்கள் 53. கருணாதிலக தம் கற்பனை வீரரை அதற்கு இரண்டு ஓட்டங்கள் கீழே வைக்கிறார். உலகச் சாதனை ஒன்று நிகழ்ந்தது, ஆனால் நிகழவில்லை என்பதைச் சொல்ல இதனினும் சிக்கனமான வழி இல்லை.

காலத் தேர்வு இன்னும் கூர்மையானது. 1987 ஏப்ரலில் நியூசிலாந்து அணி உண்மையாகவே இலங்கைக்கு வந்தது. கொழும்பில் ஒரு டெஸ்ட் ஆட்டம் நடந்தது; அதில் பிரெண்டன் குருப்பு தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் எடுத்தார். ஏப்ரல் 21இல் கொழும்புப் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயணம் பாதியில் கைவிடப்பட்டது. எஞ்சிய ஆட்டங்கள் நடைபெறவில்லை. அந்த நடவாத ஆட்டங்களின் வெற்றிடத்தில்தான் நாவலாசிரியர் மாத்யூவின் ஆட்டத்தை நடத்துகிறார். போர் விழுங்கிய நாட்களைக் கற்பனை மீட்கிறது. மீட்ட மறுகணமே அதனையும் பதிவு விழுங்குகிறது. நாவலின் நகைச்சுவைக்கு அடியில் ஓடும் துயரம் இதுவே.

நீக்கத்தின் காரணம்

மாத்யூ ஏன் மறைந்தார்? தமிழர் என்பதால் ஒதுக்கப்பட்டார் என்ற ஒற்றை விடையை நாவல் தரவில்லை. தேர்வாளர் அரசியல், சூதாட்டம் பற்றிய ஐயம், மாத்யூவின் முன்கோபம், அவரது சொந்த விருப்பம் எனக் காரணங்கள் பலவாகின்றன.

வரலாறும் ஒற்றை விடைக்கு இடந்தருவதில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய கொழும்பு மைதானம் பி. சரவணமுத்து என்னும் தமிழரின் பெயரைத் தாங்கியது. 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் இல்லம் அது. 1983 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆடிய இலங்கை அணியில் வேகப்பந்து வீச்சாளர் வினோதன் ஜானும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்ரீதரன் ஜெகநாதனும் இடம்பெற்றனர். அதே ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1992இல் அணிக்குள் வந்த முத்தையா முரளிதரன் 2010இல் 800 விக்கெட்டுகளுடன் விடைபெற்றார். மைதானத்தில் கைதட்டிய நகரமே வீதியில் வேறாக நடந்துகொண்டது என்பதுதான் வரலாறு. வீரர்களின் எண்ணிக்கை அதனைக் காட்டாது.

ஆகவே காரணங்களைப் பலவாக்குவது நாவலின் நேர்மை. ஆயினும் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாக் காரணங்களும் சம எடையில் அடுக்கப்படும்போது, இன ஒதுக்கலும் ஒரு வீரரின் கெட்டகுணமும் ஒரே தட்டில் நிற்கின்றன. கதைசொல்லியின் குடிமயக்கம் இந்தச் சமப்படுத்தலுக்கு வசதியான திரையாகிறது. நாவலின் மிக வலுவற்ற இடம் இதுவே எனலாம்.

ராத்தின் பேஸ்பால் இரசிகர்

பிலிப் ராத்தின் நாவலில் வேர்ட் ஸ்மித் என்னும் முதிய விளையாட்டுச் செய்தியாளர், ‘பேட்ரியட் லீக்’ என்றொரு பேஸ்பால் கூட்டமைப்பு இருந்ததென்றும், அது அமெரிக்க நினைவிலிருந்தே அழிக்கப்பட்டதென்றும் வாதிடுகிறார். கூப்பர்ஸ்டவுனின் புகழ்க்கூடத் தேர்தலில் அவ்வமைப்பின் வீரருக்கு அவர் இடும் வாக்கு எண்ணப்படுவதே இல்லை. அக்கூட்டமைப்பின் ரூப்பர்ட் மண்டிஸ் அணி, தன் மைதானத்தைப் போர்த்துறைக்குக் கொடுத்துவிட்டு, 1943ஆம் ஆண்டின் ஆட்டங்கள் அனைத்தையும் அயல் மைதானங்களிலேயே ஆடுகிறது.

கருணாசேனவும் ஸ்மித்தும் உடன்பிறந்தார் போன்றவர்கள். இருவரும் முதியவர்; இருவரையும் எவரும் நம்புவதில்லை; இருவருக்கும் கையிருப்பு நினைவு மட்டுமே. வேறுபாடு அழிக்கப்பட்டவரிடத்தில் உள்ளது. ராத்திடம் அழிவது ஒரு கூட்டமைப்பு, அதற்குக் காரணம் கம்யூனிச அச்சம், அங்கதமே நோக்கம். கருணாதிலகவிடம் அழிவது ஒரு தனி மனிதர். ஆகவே ராத்தின் வாசகர் சிரித்துவிட்டு நூலை மூடலாம். கருணாதிலகவின் வாசகர் அவ்வாறு மூட இயலாது.

ராத் கற்பனையாகச் சொன்ன நீக்கம் அமெரிக்காவில் உண்மையாகவே நிகழ்ந்திருந்தது. கறுப்பின வீரர்கள் 1920 முதல் 1948 வரை ஆடிய ஏழு கூட்டமைப்புகளை முதல்தரமானவை என அந்நாட்டின் தலைமை பேஸ்பால் அமைப்பு ஏற்றது 2020 டிசம்பரில்தான். பழைய செய்தித்தாள்களின் ஆட்டக் கட்டங்களை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் பல்லாண்டுகள் திரட்டிவந்தனர். அவ்வுழைப்பால் 2024 மே மாதம் அக்கணக்குகள் பொதுப் பதிவில் சேர்ந்தன. ஜோஷ் கிப்சன் 0.372 என்னும் சராசரியுடன் டை காப்பின் 0.367ஐக் கடந்து முதலிடம் பெற்றார். கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில். இரசிகரின் பொறுமை பதிவைத் திருத்தியது. வீரருக்கு அது பயன்படவில்லை.

இலங்கைத் தமிழருள் இத்தகைய நினைவுக்கு உரியவர் மகாதேவ சதாசிவம். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கியவர். இலங்கை டெஸ்ட் தகுதி பெறுமுன் 1977இல் அவர் மறைந்ததால் டெஸ்ட் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அவர் மட்டையாட்டத்தின் அழகு பெரிதும் கண்டவர் சொல்லிலேயே வாழ்கிறது.

அன்பின் எல்லை

இரசிகரின் அன்பு மீட்கிறது. அதேவேளை உடைமையும் கொள்கிறது. நாவலின் பெரும்பகுதியில் மாத்யூ பிறர் கூறும் கதைகளின் வழியாகவே அறியப்படுகிறார். பயிற்சியாளர், உறவினர், பழைய அணித்தோழர் எனப் பலர் பேசுகின்றனர். மாத்யூவோ பேசப்படுபவராகவே நிற்கிறார். கதைக்களமும் பெரிதும் கொழும்பு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும்போர்’ வளர்த்த தமிழ் இரசிகரின் பார்வைக்கு இங்கு மைய இடமில்லை. தமிழ் வீரரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் சிங்கள இரசிகரின் நல்லெண்ணத்தில் விடப்படுகிறது.

நாவல் இக்குறையை ஓரளவு அறிந்தே உள்ளது. கருணாசேனவின் மகனுக்கு மேற்கிந்திய வீரர் சோபர்ஸின் நினைவாகக் கார்ஃபீல்ட் என்று பெயர். தாம் வியந்த ஆட்டக்காரரின் பெயரை மகனுக்குச் சூட்டிய தந்தைக்கு, அம்மகன் யாரென அறிய நேரம் இல்லை. மாத்யூவின் பந்துகளை ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருப்பவர், வீட்டில் வளர்ந்தவனைக் காணத் தவறுகிறார். தந்தை இறந்தபின் கையெழுத்துப் படியை முடிப்பவனும், மாத்யூவைத் தேடி நியூசிலாந்து வரை செல்பவனும் அம்மகனே. கிரிக்கெட்டின் மீது தந்தையின் பற்று இல்லாதவன் தந்தையின் மீது கொண்ட அன்பால் அதைச் செய்கிறான். இரசிகரின் பற்று தன்னைக் கடந்து பிறருக்கான கடமையாக மாறும் இடம் இது. நாவலின் மெய்யான வெற்றி இவ்விடத்தில்தான் உள்ளது.

முடிவுரை

‘சைனாமேன்’ காட்டும் இரசிகரின் எழுத்து வரலாறு அன்று. வரலாற்றின் விடுபாட்டைச் சுட்டும் விரல். 51 என்னும் எண்ணைப் பொய்யாக எழுதி, 1987இன் வெற்றிடத்தை அது மெய்யாகக் காட்டுகிறது. காரணங்களைச் சமப்படுத்துவதும் வீரரின் சொந்தக் குரலுக்கு இடம் குறைந்திருப்பதும் அதன் குறைகள். கல் நட்டவரின் அன்பு மெய்யானதே. ஆயினும் கல்லில் எழுதப்பட்ட மொழி, வீழ்ந்தவரின் மொழி அன்று. பேஸ்பாலில் ஆர்வலர் திரட்டிய கணக்கு பதிவையே திருத்தியதுபோல, சதாசிவம் முதலானோரின் ஆட்டங்களைத் தமிழ் இதழ்கள், பள்ளி மலர்கள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து திரட்டும் பணி தமிழாய்வுக்கு உரியது. அப்பணி நிறைவேறும்போது மாத்யூவின் கதையைத் தமிழ் இரசிகரும் தம் மொழியில் சொல்ல இயலும்.