வெண்ணெயும் ரொட்டியும்: பெரெட்ஸின் கதையில் வறுமைச் சிரிப்பு

ஐ. எல். பெரெட்ஸ் 1894-இல் யித்திஷ் மொழியில் வெளியிட்ட 'மௌனி போன்ட்ஷே' கதையைப் பொறுமையின் புகழ்ச்சியாகப் படிப்போர் அதன் இறுதிச் சிரிப்பைக் கருத்திற் கொள்வதில்லை. உரிய கூலியைக்கூட வாய் திறந்து கேளாமல் சுமை தூக்கி மாண்ட யூதத் தொழிலாளி போன்ட்ஷே. விண்ணுலக நீதிமன்றம் அவனுக்கு அனைத்தையும் அளிக்க முன்வருகிறது. அவன் கேட்பதோ நாள்தோறும் காலையில் புதிய வெண்ணெயுடன் ஒரு சூடான ரொட்டி. நீதிபதியும் வானவரும் நாணித் தலைகுனிகின்றனர். குற்றஞ்சாட்ட வந்தவன் சிரிக்கிறான்.

அச்சிரிப்பு ஏழையின் அறியாமையை எள்ளுவதாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பு. வறுமை அவனது உணவோடு ஆசையின் அளவையும் பறித்துவிட்டது. மண்ணில் நிகழ்ந்த அப்பறிப்பை விண்ணின் பரிசு ஈடுசெய்யாது. நாணம் கேட்டவனுக்கு அன்று, கொடுக்க வந்தவர்களுக்கே நேர்கிறது என்பது இதனால்தான்.

ஷோலெம் அலைக்கெமின் 'நான் ரோத்சைல்டாக இருந்தால்' என்னும் தனிமொழியில் ஆசைக்கு எல்லையே இல்லை. ஓய்வுநாள் செலவுக்குக் காசில்லாத ஏழை ஆசிரியர், கற்பனையில் போர்களை நிறுத்துகிறார், பணத்தையே ஒழித்துவிடுகிறார். பிறகு, ஓய்வுநாளுக்கு என்ன செய்வது என்று திகைக்கிறார். உலகளந்த கற்பனை அடுப்படிக்கே திரும்பிவிடுகிறது! இங்கே சிரிப்பவர் வாசகர். பெரெட்ஸிடமோ வாசகர் சிரிக்குமுன் அந்த வழக்காடி சிரித்துவிடுகிறான்.