முப்பது நாள் திறந்த கதவு

தஞ்சைத் தரணியிலே நெல் விளைந்தது. அந்த நெல் யாருக்கு என்ற வழக்கு இலண்டனிலே அச்சாயிற்று. அச்சான அந்த ஏடுகளைத் தொகுப்பாகத் தஞ்சையிலே படிக்க வேண்டுமானால், இன்று ஓர் அந்நிய நிறுவனத்திற்குப் பணம் கட்ட வேண்டும்! கதையல்ல, அன்பர்களே! கண்டு வந்ததை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அறிவிப்புப் பலகையிலே ஒரு தாள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சான நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கோத்த மின்தொகுப்பு, முப்பது நாட்களுக்குச் சோதனை முறையில், கட்டணமின்றித் திறந்திருக்கும் என்றது அது. ஆய்வு மாணவரான நண்பர் சொல்ல, விடுமுறை நாளொன்றில் ஓடினேன். பள்ளி ஆசிரியனுக்கு அங்கே தனியே அமர உரிமையில்லையாம். நண்பர் பெயரால், நண்பர் அருகே, ஒண்டியமர்ந்து படித்தேன்.

என்ன கண்டேன்? 1773இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தஞ்சையைக் கைப்பற்றியது. மராட்டிய மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776இல் சென்னை ஆளுநர் பிகட், நாட்டை அவரிடமே திருப்பி ஒப்படைத்தார். உடனே எழுந்தான் பால் பென்ஃபீல்டு! கம்பெனியின் சிற்றூழியன்; நவாபுக்குக் கடன் கொடுத்தவன். தஞ்சையின் வருவாயும், வயலிலே நிற்கும் பயிரும் தனக்கு ஈடு என்றான். இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் கணக்குக் காட்டினான். அறுவடையாகாத கதிரைக் கடன் சீட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான் அந்த வெள்ளையன்! ஆட்சிக்குழுவின் பெரும்பான்மை ஆளுநருக்கு எதிராகத் திரும்பிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவரைக் காவலில் வைத்தது. 1777இல் காவலிலேயே அவர் மாண்டார்.

இலண்டனில் மூண்டது ஏட்டுப்போர். தஞ்சை மன்னருக்கு நாட்டை மீட்டளித்தது தகுமா என்று 1777இல் ஒரு நூல்; 1779இல் தஞ்சையை வென்றது பற்றி மற்றொன்று; அதை மறுத்து, எட்மண்ட் பர்க்கின் துணையோடு வில்லியம் பர்க் எழுதிய நூல் அதே ஆண்டில். நான் புரட்டிய பக்கங்களிலே நவாபின் உரிமை பேசப்படுகிறது. மன்னரின் மானம் பேசப்படுகிறது. கம்பெனியின் நலன் பேசப்படுகிறது. சேற்றிலே நின்று நாற்று நட்ட பண்ணையாள் எங்கே? அவன் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம்.

தேடுவதற்குப் பொறி இருக்கிறது. ஆனால் அப்பொறிக்கும் பார்வைக் கோளாறு. அக்கால ஆங்கில அச்சிலே ‘எஸ்’ எழுத்து, சொல்லின் நடுவிலே ‘எஃப்’ போல நீண்டு நிற்கும். கணினி அதை ‘எஃப்’ என்றே படிக்கிறது. ஊர்ப்பெயர்களையோ அவரவர் நாவிற்கேற்ப எழுதினர். ஒரு சொல்லைத் தட்டி, விடை இல்லையென்றதும், நூலிலேயே இல்லை என முடிவு கட்டும் ஆய்வாளர் ஏமாந்தே போவார். விலை பேசுவோர் இதைச் சொல்வதில்லை!

இந்நூல்களின் பதிப்புரிமை தீர்ந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மூலப்படிகள் பல, பிரிட்டிஷ் நூலகம் போன்ற பொது நிறுவனங்களில் உள்ளவை. விற்கப்படுவது அவற்றின் நிழற்படம்! சில நூல்கள் வேறு தளங்களில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் சிதறிக் கிடக்கின்றன. பூட்டைத் திறக்கவே முடியாது என்பார்க்கு ஒரு செய்தி: 1700க்கு முந்தைய ஆங்கில நூல்களில் ஏறத்தாழ 25,000, எழுத்து வடிவில் படியெடுக்கப்பட்டு, 2015இல் உலகுக்கே பொதுவாயின.

நம்மிடமும் சான்று உண்டு. அரசர்தம் அரண்மனைச் சொத்தாயிருந்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுநூலகமாயிற்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் திறந்த மின்னூலகத்திலே எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். உன் ஊர் எது, உன் பட்டம் எது எனக் கேட்பாரில்லை. ஆனால் நம்முடையது என்பதற்காகக் குறையை மறைக்கலாமா? அங்குள்ள நூல்களிற் பெரும்பாலானவை வெறும் படங்கள். உள்ளே ஒரு சொல்லைத் தேட வழியில்லை. தஞ்சை மராட்டிய அரசின் மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி 1989இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றை ஒருபுறமும் இலண்டன் ஏடுகளை மறுபுறமும் விரித்து ஒப்பிட்டால் அல்லவா தஞ்சையின் வழக்கு விளங்கும்? ஒன்றை மட்டும் விலைக்கு வாங்குவது, பிரதிவாதியை அழைக்காமலே தீர்ப்பெழுதுவதாகும்.

சோதனை என்கிறார்களே, யாருக்குச் சோதனை? முப்பது நாளில் எத்தனை பேர் திறந்தனர் என்று எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால், ‘இங்கே ஆர்வமில்லை’ என்பர். ஒரே சுவரில் ஒரே தாள் ஒட்டிவிட்டு, வெளியாரை வாயிலிலே நிறுத்திவிட்டு, ஆர்வமில்லை என்பதா? குடமுருட்டிக் கரைப் பள்ளியிலே வரலாறு நடத்தும் ஆசிரியனுக்கும், ஓய்வு பெற்ற கணக்கருக்கும், உள்ளூர் வரலாறு எழுதும் உழவர் மகனுக்கும் அந்த மாதம் முழுதும் இருக்கை கொடுங்கள்; பிறகு எண்ணுங்கள். வாங்கினாலும், நூலகத்திற்குள் வரும் எவரும் படிக்கலாம் என்ற விதியை ஒப்பந்தத்திலே எழுதி வாங்குங்கள்.

நான் இரண்டாம் முறை சென்றபோது முப்பத்தோராம் நாள். திரையிலே கடவுச்சொல் கேட்டது. வில்லியம் பர்க்கின் நூலில் முதற்பாதிக்கு மட்டுமே என் குறிப்பேட்டில் குறிப்பு இருக்கிறது.